உலகப்படத்தின் மேல் ஒரு தேங்காய்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி குழாய்க் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஐந்து மாதமாக அரிசி டின் மேல் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எத்தனை அங்குலக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பொம்பளை எவ்வளவு தாங்குவாள் என்று எந்தப் பக்கத்திலும் போடவில்லை. அதை நானே எழுதிக்கொள்கிறேன்.

இன்று காலை என் வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபடியே, "வாணி, நாம வெளிநாடு போயர்லாம்" என்றார்.

"எந்த நாட்டுக்குங்க?"

"அதத்தான் பார்க்கோணும்."

சட்னி போதுமா என்று கேட்டேன். போதாது என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் வரலாறு நிகழ்கிற விதம்.

திருச்செங்கோட்டில் எங்களுக்குப் போர்வெல் தொழில். செங்கோடன் போர்வெல்ஸ். துளை போடும் ரிக் வண்டி இரண்டு. ஒன்று பொங்கலிலிருந்து ஷெட்டில் நிற்கிறது, அதற்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஆயிரம் அடி இறங்கினாலும் புழுதிதான் பறக்கிறது. இவருடைய சிநேகிதர் முத்துராசு ரிக் வண்டியோடு கானாவுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. வாரம் ஒரு போட்டோ அனுப்புகிறார்: சிவப்பு மண், பீய்ச்சியடிக்கிற தண்ணீர், பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட முத்துராசு. இவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

இவருக்கு வேண்டியது மூன்று. குடும்பத்தோடு தங்க அனுமதி, அங்கே சொந்தமாக ஒரு கம்பெனி, பிளஸ் ஒன் படிக்கிற எங்கள் பிரகதிக்கு நல்ல படிப்பு. மாலையில் பெரிய உலகப்படம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஹாலில் நாள்காட்டியைக் கழற்றிவிட்டு ஒட்டினார். நாளைக்கு அமாவாசையா இல்லையா என்று இனி எனக்குத் தெரியாது. கிரீன்லாந்து எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

தொழில் ரகசியத்தை எழுதிவிடுகிறேன். டைரியைப் பூட்டி வைக்கப் போகிறேன்.

ஊரில் இவருக்குப் பெயர் தேங்காய்க்காரர். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் சடாரென்று எழுந்து நிற்கும். அங்கே துளை போட்டால் தண்ணீர். நான்கு தாலுகாவில் பேர் சொன்னால் தெரியும்.

உண்மை வேறு. நான் சேலத்தில் எம்.எஸ்சி. நிலவியல் முடித்தவள், முதல் வகுப்பு. ஆழத்துப் பாறையை மின்சாரம் விட்டுப் பார்க்கிற மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தோட்டத்தில் நான்கு கம்பி நட்டு, ஒயர் இழுத்து, இடம் சொன்னேன். அந்தத் தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இவரிடம், "பொம்பளப்புள்ள கம்பி நட்டுச் சொல்றத நம்பி நான் துளை போடறதுங்களா?" என்றார். இவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் ஒரு தேங்காயோடு போய், நான் சொன்ன அதே இடத்தில் அதை நிற்க வைத்தார். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். தண்ணீரும் வந்தது.

அன்றிலிருந்து இதுதான் முறை. முந்தின நாள் நான் "தோட்டம் அளக்க" போவேன். மறுநாள் இவர் தேங்காயோடு வருவார். பத்தொன்பது வருஷமாக எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தேங்காய்க்குச் சொல்வது நான். நிற்க வைப்பது இவருடைய கட்டைவிரல்.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

கோயம்புத்தூர் போனோம். வெளிநாட்டுக் குடியேற்ற ஆலோசகர் ரொசாரியோ சார். ஏசி போட்ட அறையில் கோட்டு வேறு. இவர் கொண்டுபோன பட்டியலில் எட்டு நாடு: துபாய், மொரீஷியஸ், கானா, கென்யா, போர்ச்சுகல், கனடா, ஆஸ்திரேலியா, நமீபியா. பஸ் ஸ்டாண்டில் போர்டு படிக்கிற மாதிரி படித்தார்.

"உங்க படிப்பு சார்?"

"பிளஸ் டூங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஃபெயிலுங்க" என்றார். பொய் வராது இவருக்கு. தேங்காய் கையில் இல்லாதபோது.

"மேடம்?"

"வீட்ல இருக்கனுங்க" என்றேன்.

"எம்.எஸ்சி. ஜியாலஜிங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று இவர் குறுக்கே விழுந்து சொன்னார், தானே எழுதிப் பாஸான மாதிரி.

ரொசாரியோ சார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் என்னிடம்தான் பேசினார். அவர் சொன்னபடி எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இவர் பெயரில் அங்கே கம்பெனி பதிவு செய்து முதலாளியாகப் போவது. இன்னொன்று, நிலத்தடி நீர் தெரிந்த ஆள் தேவைப்படுகிற நாட்டுக்கு நான் வேலைக்கு விண்ணப்பிப்பது. இவரும் பிரகதியும் என்னுடைய டிபெண்டன்ட்டாக வருவது.

"டிபெண்டன்ட்டுனா?" என்றார் இவர்.

"மேடத்தைச் சார்ந்து வர்றவங்க சார்."

இவர் சிரித்தார். பெரிதாகத்தான் சிரித்தார். ஆனால் திரும்பும்போது அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு டோல்கேட், ஒரு டீ. நான்தான் சொன்னேன்: "அந்த ரெண்டாவது வழியெல்லாம் நமக்கு வேண்டாமுங்க. உங்க பேர்ல கம்பெனி போடற நாடாப் பார்ப்போம்."

"ம்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

சார்ட் அட்டையில் கட்டம் போட்டேன். மேலே நாடுகள். பக்கவாட்டில் தங்க அனுமதி, கம்பெனி பதிவு, பள்ளிக்கூடம், வெயில், புளி கிடைக்குமா, முருகன் கோயில்.

மூன்று நாடுகளை நானே அடித்துவிட்டேன். கனடா: குளிர். ஆஸ்திரேலியா: சிலந்தி. நமீபியா: வெறும் பாலைவனம். உலகப்படத்திலும் அந்த மூன்றின் மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி.

பிரகதி வந்து பார்த்தாள். "ஏம்மா, தண்ணி கண்டுபிடிக்கிறவங்களுக்கு பாலைவனம்தான் சொர்க்கம்னு நீதானே சொன்ன?"

"எப்ப சொன்னேன்?"

"ஏழாவது படிக்கறப்ப. ஒரு மணி நேரம் சொன்ன. எனக்கு அடுத்த நாள் பரீட்சை."

போய்ப் படி என்று விரட்டினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாததெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

போர்வை, மிதியடி எல்லாம் துவைத்தேன். நமீபியாவில் என்ன துணி சோப்பு கிடைக்கும் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

இவருடைய அக்கா, எங்கள் அன்னக்கொடி நங்கையா, ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கும் எட்டு நாட்டுக்கும் கருத்துமாக வந்து இறங்கினார்.

"துபாய்க்குப் போ தம்பி. நம்ம சனம் நெறைய இருக்குது."

"அங்க கடல் தண்ணியவே குடிக்கிற தண்ணியாக்கறாங்களாமாக்கா. போர் போட எவன் கூப்புடுவான்?"

"அப்ப போர்ச்சுகல்லு?"

"அது எவத்தைக்கா இருக்குது, சொல்லு பார்க்கலாம்?"

நங்கையா படத்தின் அருகே போய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தைரியமாக ரஷ்யாவைத் தொட்டார். மொரீஷியஸில் முருகனுக்குக் காவடியே எடுக்கிறார்கள் என்று இவர் சொன்னதும் உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். "முருகன் இருக்கற எடத்துல எப்படியும் கஞ்சி ஊத்தும்." அட்டையில் முருகன் கோயில் கட்டத்தில் மொரீஷியஸுக்கு டிக் போட்டேன். ஆனால் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் கானா முன்னால் நிற்கிறது. முத்துராசு இருக்கிறார், வேலை இருக்கிறது, இவர் முதலாளி.

கிளம்பும்போது நங்கையா தன் தோட்டத்துக் கதையை எடுத்தார். நான்கு வருஷத்துக்கு முன் அங்கே தொள்ளாயிரம் அடி போட்டும் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. "ஊருக்கெல்லாம் நிக்கற தேங்கா எனக்கு மட்டும் பொய் சொல்லிப்போச்சே" என்று வருஷத்துக்கு நான்கு முறை சொல்வார். நான் அன்று கிழக்கு மூலையைத்தான் சொன்னேன். நங்கையாவுக்கு வீட்டு வாசல் பக்கமே வேண்டும். அக்கா முகத்தைப் பார்த்ததும் இவருடைய கட்டைவிரல் வாசலுக்கே போய்விட்டது. அதை இதுவரை நாங்கள் இருவரும் பேசியதில்லை. இன்றும் இவர் முறுக்கைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

எலச்சிபாளையம் பக்கம் ஒரு மரவள்ளித் தோட்டம். நேற்று நான் அளந்தேன். மீட்டர் முள் ஆடின ஆட்டத்தைப் பார்த்ததும் என் கை சில்லிட்டது, இந்த வேலையில் எனக்கு இன்னும் அப்படி ஆகிறது. "மோட்டார் ரூமுக்கு வடக்கே பதினேழு அடி" என்று இவரிடம் சொன்னேன்.

இன்று இவர் வேஷ்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, ஒரு நடை நடந்தார் பாருங்கள், சினிமாவில் போட்டிருந்தால் விசில் பறந்திருக்கும். தேங்காய் நின்றது. மதியத்துக்குள் ஐந்நூற்று எண்பது அடியில் தண்ணீர். தோட்டக்காரர் அர்த்தனாரி இவருக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார். "உங்க கையில சாமி இருக்குதுங்க!" எனக்கு ஒரு டம்ளர் மோர். நல்ல மோர். கொத்தமல்லியெல்லாம் போட்டு.

இவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்து, சும்மா, நமீபியாவில் ஒரு நிலத்தடி நீர் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். எழுதிப் பல வருஷமாயிற்றே, என் ஆங்கிலம் துருப்பிடித்துவிட்டதா என்று பார்க்கத்தான். என் படிப்பு விவரத்தையும் பத்துப் பதினைந்து இடங்களின் அளவு நோட்டையும் இணைத்தேன். எதையாவது இணைத்தால்தானே மின்னஞ்சல் முழுமையாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. வீடியோவில் நேர்காணலாம்! வீட்டில் நங்கையா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி, நிற்கிற ரிக் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பேசினேன். மடியில் ஒரு பூனைக்குட்டி. இறக்கிவிட்டால் கத்தியது, அதனால் விட்டுவிட்டேன்.

எதிரே செல்மா என்ற அம்மையார். ஐம்பது வயதிருக்கும், குரலில் வாத்தியார் தொனி. என் நோட்டுப் பக்கங்களை வரி வரியாகப் படித்திருந்தார். பாறை பற்றிக் கேட்டார், பிளவு பற்றிக் கேட்டார். இங்கே நம்மூரில் இருக்கிற அதே மாதிரி கெட்டிப் பாறை அங்கேயும் உண்டு என்றார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. இவ்வளவு நேரம் யாரிடமும் பாறையைப் பற்றி நான் பேசியதில்லை. எனக்கு இத்தனை தெரியும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

கடைசியில் கேட்டார்: "இதுவரை எத்தனை கிணறுகளுக்கு இடம் காட்டியிருக்கிறீர்கள்?"

"எழுநூற்றுச் சொச்சம்."

"நல்லது. அவை நீங்கள் காட்டியவை என்பதற்கு யாராவது கடிதம் தர வேண்டும். ஜூலை பதினைந்துக்குள் அனுப்புங்கள். கடிதம் வந்தால் வேலை உங்களுக்குத்தான்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுநூறு தோட்டக்காரர்களில் யாரைக் கேட்டாலும் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வார்கள், இடம் காட்டியது தேங்காய் என்று. ரசீது எல்லாம் இவர் பெயரில். உண்மை தெரிந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் "தேங்காய் பொய், என் மனைவிதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு தாலுகாவில் தலை நிமிர்ந்து நடக்கிற மனுஷரிடம் போய் அதை நான் எப்படிக் கேட்பேன்? ஏற்கெனவே டிபெண்டன்ட் என்ற ஒரு சொல்லுக்கே பெருந்துறை வரை வாயைத் திறக்கவில்லை.

கேட்கப் போவதில்லை. கீரையும் வெந்துவிட்டது.

ஜூன் 28, சனி

இவர் முடிவு செய்துவிட்டார், எப்படி முடிவு செய்வது என்று. அடுத்த ஞாயிறு சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, உலகப்படத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் தேங்காய் பிடிக்கப் போகிறாராம். எங்கே நிற்கிறதோ அதுதான் நாடு.

"ஏனுங்க, அது பேப்பருங்க. அடியில டைல்ஸ் இருக்குது" என்றேன்.

"சனம் கேக்கும் புள்ள, ஏன் அங்க போறீங்கன்னு. உன்ற அட்டையக் காட்டினா ஆளுக்கொரு கருத்துச் சொல்லுவாங்க. தேங்கா சொன்னா ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான்."

அதுவும் சரிதான். கானாவில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சம்மதம்தான்.

ஜூலை 2, புதன்

செல்மா அம்மையார் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார். "உங்களை எதிர்பார்க்கிறோம்" என்று ஒரு வரி. என்னை எதிர்பார்க்கிறார்களாம்! மூன்று முறை படித்தேன். பிறகு, "மன்னிக்கவும், கடிதம் தர இயலாது" என்று பதில் தட்டினேன். அனுப்புவதற்குள் வடாம் காயப் போட மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருந்தது. வந்து பார்த்தால் லேப்டாப் முன்னால் பிரகதி.

"என்னடி பண்ற?"

"புராஜெக்ட்மா."

முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. சாயங்காலம் அப்பாவும் மகளும் புரோட்டா வாங்கப் போனார்கள், என்னைக் கூப்பிடாமல். போன இடத்தில் ஒன்றரை மணி நேரம். வந்தபோது புரோட்டாவும் இல்லை. கடை லீவாம். என்னமோ போங்கள்.

அந்தப் பதிலை இன்னும் அனுப்பவில்லை. நெட் மெதுவாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இவர் கூப்பிட்டாராம், எலச்சிபாளையத்து அர்த்தனாரியும் வந்திருந்தார். ஹாலில் சோபாவை நகர்த்தி, படத்தை விரித்து, நான்கு மூலையிலும் இட்லிப் பாத்திரம், குக்கர், அம்மிக்கல், பிரகதியின் அகராதி வைத்து அமுக்கினோம். இவர் குளித்து, திருநீறு பூசி, தேங்காயை எடுத்தார். நங்கையா முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குனிந்தபடி கையைப் படத்தின் மேல் மெல்ல நகர்த்தினார். துபாய். தேங்காய் அசையவில்லை. மொரீஷியஸ். "முருகா" என்றார் நங்கையா. அசையவில்லை. போர்ச்சுகலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குள் வந்தார். கானாவின் மேல் தேங்காய் லேசாக ஆடியது. "ஆஹா, வந்துபோச்சு!" என்று ஒருவர் கை தட்டினார்.

நிற்கவில்லை. கை இன்னும் கீழே இறங்கியது. இந்த மனுஷர் எங்கே போகிறார் என்று பார்த்தேன். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரம், சிவப்புப் பேனாவால் நான் அடித்த பெருக்கல் குறி. அதன் நட்டநடுவில் தேங்காய் சடாரென்று எழுந்து நின்றது.

கட்டைவிரலைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் சொல்லாத ஓர் இடத்தில் அது தேங்காயை நிறுத்தியது இது இரண்டாவது முறை. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எந்த ஊரு? அடிச்சுப் போட்டிருக்குதே?" என்றார் நங்கையா.

"நமீபியாக்கா. அடிச்சது வாணி. அவ எதை அடிக்கறாளோ அதுதான் அவ ஆசைப்படறதுன்னு எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. நம்ம பிரகதிக் கண்ணுதான் அந்த நமீபியா லெட்டரைக் காட்டுச்சு." பிரகதி அகராதிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். படுபாவி.

பிறகு இவர் தேங்காயைத் தரையில் வைத்தார். எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தத் தேங்காய்க்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமா எடம் பார்த்தது பூரா வாணி. முந்தின நாளே அளந்து எங்கிட்டச் சொல்லிப்போடுவா. நான் சும்மா வெரல நெம்புவேன், அவ்ளோதான்."

அர்த்தனாரி எழுந்தார். "அப்ப என்ற தோட்டத்துல?"

"வாணி சொன்ன எடமுங்க."

அர்த்தனாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி, உங்களுக்கு வெறும் மோரத்தானுங்க குடுத்தேன்!" என்றார், ஏதோ பெரிய பாவம் செய்துவிட்ட மாதிரி. நல்ல மோருங்க என்றேன். வேறு என்ன சொல்ல வருகிறது அந்த நேரத்தில்?

நங்கையா மட்டும் விடுவதாக இல்லை. "இரு தம்பி. அப்ப என்ற தோட்டத்துக்கும் இவதானே எடஞ்சொன்னா? எனக்கு ஏன் தண்ணி வல்ல?"

இவர் தலையைச் சொறிந்தார். "அது மட்டும் நானுக்கா."

வீடே அதிரச் சிரித்தார்கள். நங்கையா அம்மிக்கல்லை நகர்த்திவிட்டுத் தேங்காயைத் தேடினார், இவரை அடிக்க. படம் சுருண்டுகொண்டது.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்து நின்றார்.

"அன்னிக்கு அவிநாசியிலிருந்து நான் பேசாம வந்தத, கோவம்னா நெனச்ச?"

"பின்னே?"

"வெக்கம் புள்ள. அந்தக் கோட்டுக்காரரு அரைமணி நேரத்துல கண்டுபிடிச்சதை நான் பத்தொம்பது வருஷமாத் தெரிஞ்சுக்கிட்டே மூடி வெச்சிருக்கறனே. உனக்காகத்தான் தேங்காயத் தூக்குனேன். தூக்குனவன் எறக்கவே இல்ல. துண்டு போர்த்தறாங்கல்ல, சொகமா இருந்துச்சு."

"இனிமே யாரும் போர்த்த மாட்டாங்களேங்க."

"பயமாத்தான் இருக்குது" என்றார். பொய் வராது இவருக்கு.

அழுதேன். சிங்க்கில் தண்ணீர் திறந்துவிட்டு அழுதேன். இதை மட்டும் எழுதாமல் விடலாமா என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

கடிதம் எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் பிரகதி மாற்றினாள். மூலத்தை இங்கே ஒட்டி வைக்கிறேன்:

"வணக்கம். நான் செங்கோட்டுவேல், செங்கோடன் போர்வெல்ஸ் உரிமையாளர். என் கையில் பத்தொன்பது வருஷம் தேங்காய் நின்றது. எங்கே நிற்க வைக்க வேண்டும் என்று சொன்னது என் மனைவி கோகிலவாணி. அவர் சொன்ன இடங்களில் பத்துக்கு எட்டில் தண்ணீர் வந்தது. நானாக ஒரே ஒரு இடம் காட்டினேன். அதில் வரவில்லை. மேற்கொண்டு சாட்சி வேண்டுமானால் என் அக்காவிடம் கேட்கலாம். நன்றாகப் பேசுவார்."

கீழே கையெழுத்து, கம்பெனி முத்திரை. இரண்டு முறை குத்தியிருக்கிறார். அர்த்தனாரியும் இன்னும் ஆறு தோட்டக்காரர்களும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

வேலை எனக்குத்தான். செல்மா அம்மையார் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். அக்காவிடம் பேச ஆசையாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நங்கையா தோட்டத்துக் கிழக்கு மூலை. எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில், முதல்முறையாக நானே கம்பி நட்டேன். ஒயரின் ஒரு முனையை நங்கையா பிடித்தார். ஷாக் அடிக்குமா என்று ஆறு முறை கேட்டார். ஷெட்டிலிருந்த ரிக் வண்டியைப் பூனைகளை இறக்கிவிட்டு இவரே ஓட்டிவந்தார். நானூற்றுப் பத்து அடியில் புழுதி கறுத்தது, சேறாயிற்று, பிறகு பாருங்கள், ஒரு பனை உயரத்துக்குப் பீய்ச்சியது. நங்கையா நனைந்துகொண்டே நின்று, பையில் கொண்டுவந்திருந்த தன் புதுப் பட்டுப் புடவையை எனக்குப் போர்த்தினார். தேங்காய் அன்று சட்னிக்குப் போயிற்று.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரொசாரியோ சார் அலுவலகம். முதன்மை விண்ணப்பதாரர்: நான். டிபெண்டன்ட் படிவத்தைத் தானே நிரப்புவேன் என்று இவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"படிப்பு, பிளஸ் டூன்னு போடறேன். ஃபெயில்னு கேக்கல, நான் ஏன் சொல்லோணும்?"

கம்பெனி பற்றியும் கேட்டோம். முதலில் நான் வேலையில் சேரட்டும், அந்த ஊர் விதிகளை விசாரித்துக்கொண்டு அப்புறம் ஒரு ரிக் வண்டியோடு பதிவு செய்யலாம் என்றார் ரொசாரியோ சார். என்ன பெயர் யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், "வாணி போர்வெல்ஸ்" என்றார் இவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை வாய் ஓயவில்லை, இரண்டு பேருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. புளி இரண்டு கிலோ, மிளகாய்த்தூள், மீட்டர், நான்கு கம்பி, பத்தொன்பது நோட்டு. ஒரு தேங்காய் வைத்துக்கொள்கிறேன் என்று இவர் கெஞ்சினார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லி வெளியே எடுத்துப் போட்டேன். விடுவார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

"துணி சோப்பு எடுத்துக்கட்டுமா? அங்க கெடைக்குதோ என்னமோ" என்றார்.

கிடைக்கும் என்றேன். ஜூன் ஒன்பதாம் தேதியே தேடிப் பார்த்துவிட்டேன்.